மூன்றாவது ஓலை

அந்த அம்மா யாரிடமும் "வேண்டாம்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆறு ஆண்டும் நான்கு மாதமும் அவரோடு ஒரே அறையில் வேலை பார்த்தேன். வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு ஏழு மணி நேரம். அந்த ஒரு சொல்லை நான் தவறவிட்டிருக்க வழியில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி. அவர் விலங்கியல் விரிவுரையாளர். நான் அதே துறையின் ஆய்வகத்தில் பொருள்காப்பாளர். தொண்ணூறுகளின் தொடக்கம். அவருக்கு அப்போது முப்பத்தேழு வயது, எனக்கு நாற்பத்தொன்பது. நான் கணிதம் படித்தவன். படிகளையும் தூண்களையும் எண்ணிக்கொண்டே நடக்கிறவன் என்று கல்லூரி முழுக்கத் தெரியும். அதனால் அவருடைய ஆராய்ச்சியில் எண்ணுகிற வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். எண்ண வேண்டியது பயறு வண்டுகளை.

ஒல்லியான உருவம். கஞ்சி போட்ட நூல் சேலை. லென்ஸுக்குக் கீழே பார்க்கும்போது நிமிடத்துக்கு மூன்று தடவைதான் இமைப்பார். எனக்குப் பதினேழு. எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

அவரிடம் எதைக் கொண்டுபோனாலும் ஒரே பதில். "வச்சுட்டுப் போங்க." கல்யாணப் பத்திரிகை, மாணவியின் விடுப்பு விண்ணப்பம், துறைத்தலைவர் திருத்தச் சொல்லும் கட்டுரை, எதுவானாலும் அதுதான். முகத்தில் சின்னச் சிரிப்பு இருக்கும். வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைப்பார். சிலது மறுநாளே கையெழுத்தோடு வெளியே வரும். சிலது வராது. ஒரு முறை கணக்குப் போட்டேன். நான்கு மாதத்தில் உள்ளே போனவை அறுபத்தொன்று. வெளியே வந்தவை இருபத்திரண்டு. மிச்சம் முப்பத்தொன்பது எங்கே என்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

அவர் விடுப்பில் இருந்த ஒரு நாள், பீரோ சாவி தேடி அந்த இழுப்பறையைத் திறந்தேன். காலியாக இருந்தது. ஒரு காகிதக் கிழிசல் இல்லை, ஒரு குண்டூசி இல்லை. அந்த அறைக் குப்பைக்கூடை தினமும் என் கண் முன்னால்தான் காலியாகும். அதிலும் அவை போகவில்லை. அதைவிட எனக்குப் பிடிபடாதது, கொடுத்தவர்கள் யாரும் திரும்ப வந்து கேட்கவில்லை என்பது.

கோயிலில், அதாவது எங்கள் சர்ச்சில், பெண்கள் சங்கத்துச் செயலாளர் பொறுப்பை ஒரு முறை அவரிடம் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் அது வேறொரு அம்மாவிடம் இருந்தது. என் மனைவியும் அந்தச் சங்கத்தில் இருந்தாள்.

"மேடத்துக்குல்லா குடுத்திய எல்லாரும்?" என்று கேட்டேன்.

"அவங்களுக்கா? நாங்க எப்பக் குடுத்தோம்?" என்றாள்.

கொடுத்த அன்று அவளே வந்து என்னிடம் சொன்னதை நினைவூட்டினேன். கொஞ்சம் யோசித்தாள். "ஆமா, என்னமோ பேசிக்கிட்டோம்" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

பயறு வண்டு எல்லார் வீட்டு டப்பாவிலும் இருப்பதுதான். பாசிப்பயற்றின் மேல் வெள்ளைப் புள்ளியாக ஒட்டியிருப்பது அதன் முட்டை. புழு உள்ளே துளைத்துப் போய், பருப்பைத் தின்று, அங்கேயே வளர்ந்து, வட்டமாக ஒரு கதவு வெட்டிக்கொண்டு வண்டாக வெளியே வரும். எங்களிடம் நாற்பது கண்ணாடி ஜாடி இருந்தது. மதியம் மின்விசிறி நின்றுவிட்டால் உள்ளே வண்டுகள் ஊர்கிற சத்தம், வயலுக்கு அப்பால் மழை பெய்வது போலக் கேட்கும்.

அவருடைய கேள்வி எளிமையானது. ஒரு பெண் இரண்டு ஆணோடு சேர்ந்தால் பிள்ளைகள் யாருடையவை? அதற்காகக் கறுத்த வகை ஒன்றும் பழுப்பு வகை ஒன்றும் வளர்த்தோம். பெண் எப்போதும் கறுப்பு. முதல் நாள் அவளோடு ஒரு பழுப்பு ஆணை விடுவோம். மறுநாள் ஒரு கறுப்பு ஆண். சேர்ந்ததைக் கண்ணால் பார்த்து நேரம் எழுதுவது என் வேலை. மூன்றரை வாரம் கழித்துப் பிறக்கிறவை பழுப்பானால் முதலாமவன் பிள்ளைகள், கறுப்பானால் இரண்டாமவன் பிள்ளைகள். பெரும்பாலும் இரண்டாவது வந்தவனுக்குத்தான் அதிகம். எல்லாப் பெண்ணிடமும் அப்படி இல்லை. நாற்பத்தேழாம் எண் பெண் இரண்டு பேரோடும் சேர்ந்தாள். இரண்டும் என் கையெழுத்தில் இருந்தது. பிறந்தவை எழுபத்து மூன்று. எழுபத்து மூன்றும் பழுப்பு. இரண்டாவது ஒருவன் வந்துபோனதற்கு அந்தத் தட்டில் அடையாளமே இல்லை.

"தப்பா எழுதிட்டேனோ மேடம்?"

"நீங்க தப்பா எழுத மாட்டீங்க அண்ணாச்சி." லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னார். "அவ வயித்துல ஒரு சின்னப் பை இருக்கு. ரெண்டு பேரு குடுத்ததும் அங்கதான் போவுது. எத வச்சிக்கிடணும், எத வெளிய தள்ளணும், எத உள்ளயே கரைச்சிரணும்னு அவ உடம்பு பாத்துக்கிடும். சேந்ததோட வேல முடிஞ்சுதுன்னு ஆம்பள நினைக்கான். அதுக்குப் பெறவுதான் எல்லாமே நடக்கு."

"அது அவனுக்குத் தெரியுமா?"

"அவன் சந்தோசமாத்தான் போறான்."

நாற்பத்தேழாம் எண்ணுக்கு நேரே பழுப்பு எழுபத்து மூன்று, கறுப்பு சுழி என்று எழுதினேன்.

இன்னொரு முறை, ஒன்பது பெண் வண்டுகள் ஐந்து நாளாக ஒரு முட்டைகூட இடவில்லை. ஒன்பது தட்டிலும் தினமும் சுழி போட்டேன். தவறு என்னுடையதுதான். கடைப் பயறு தீர்ந்துபோய் வீட்டுப் பயற்றைக் கொண்டுவந்து போட்டிருந்தேன். அதில் வண்டு விழாமலிருக்க என் மனைவி விளக்கெண்ணெய் தடவி வைத்திருந்தாள். விரலில் பிசுபிசுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவரிடம் போய்ச் சொன்னேன்.

"முட்டையே இல்லாமப் போச்சு மேடம். ஒன்பதும் வீணாப் போச்சு."

"இல்லன்னு யாரு சொன்னா? இருக்கு. குடுக்கல." தட்டின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டார். அது அவர் வழக்கம். "நல்ல பயறா மாத்துங்க."

மாற்றினேன். மறுநாள் காலை நூற்றுத் தொண்ணூற்றாறு முட்டை. அவற்றின் அப்பன்மார் அதற்குள் செத்துப் போயிருந்தார்கள். இடுக்கியால் ஒவ்வொருவராக எடுத்து வெளியே போட்டது நான்தான். செத்தவர்களின் பிள்ளைகள் இருபத்தைந்து நாள் கழித்துக் கதவு திறந்து வந்தார்கள். நான் ஒவ்வொன்றாக எண்ணினேன்.

துறைத்தலைவர் எங்கள் அறையைத் தாண்டும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார். "என்ன வே கணக்கு, இன்னைக்கு எத்தன கல்யாணம்?"

"பதினாலு சார்."

"ஒண்ணுக்காவது சாப்பாடு போட்டீரா?" பிறகு குரலைத் தாழ்த்துவார். "உம்ம மேடத்துக்கு எப்ப வே?"

எங்கள் கோயிலில் கல்யாண அறிவிப்புக்கு ஓலை என்று பெயர். மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து ஆராதனையில் வாசிப்பார்கள். ஆட்சேபணை உள்ளவர்கள் அதற்குள் சொல்ல வேண்டும். அந்த அம்மாவுக்கு அதுவரை நான்கு மாப்பிள்ளைகள் வந்திருந்தார்கள். நான்கு பேருக்கும் அவர் சம்மதித்தார். நான்கு பேருக்கும் முதல் ஓலை வாசித்தார்கள், இரண்டாவதும் வாசித்தார்கள். மூன்றாவது ஒருவருக்கும் வாசிக்கவில்லை. அந்தக் கடைசி வாரத்துக்குள் மாப்பிள்ளையே வந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். நான்கு பேரும்.

மூன்றாவது மாப்பிள்ளை ஆழ்வார்குறிச்சியில் பள்ளிக்கூட வாத்தியார். பிற்பாடு ஒரு நாள் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். கூடவே மனைவி, இரண்டு பிள்ளைகள், கையில் அல்வாப் பொட்டலம். ஆள் சதை போட்டு நன்றாக இருந்தார். தனியாகக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேவிட்டேன்.

"அவங்க ஏதும் சொன்னாங்களா வே?"

"ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி. சிரிச்ச முகமாத்தான் இருந்தாங்க. காப்பி குடுத்தாங்க." பேருந்தைப் பார்த்தார். "ஆனா அவங்க முன்னால உக்காந்திருந்தா நான் அங்கன இல்லாத மாரி இருக்கும். ரெண்டாவது ஓலை முடிஞ்ச பெறவு ஒரு நாள் காலைல எந்திரிச்சேன். வேண்டாம்னு தோணிச்சு. நானாத்தான் சொன்னேன். ஏன் சொன்னேன்னு கேட்டா இன்னைக்கும் தெரியல. மனசுக்கு லேசா இருந்துது, அவ்வளவுதான்."

ஐந்தாவது மாப்பிள்ளை என் மச்சினன். என் மனைவிக்கு ஒரே தம்பி. ஸ்ரீவைகுண்டத்தில் பம்புசெட்டு மோட்டார் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். கல்யாணமாகி இரண்டே வருடத்தில் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். பிறகு ஐந்து வருடமாக ஹோட்டல் சாப்பாடு. அப்படியும் ஆள் வந்தால் வீடே கலகலக்கும். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பேருந்தில் வந்த கதையைச் சொல்ல நாற்பது நிமிடம் எடுத்துக்கொள்வான். கிறிஸ்துமஸுக்கு எங்கள் கோயிலுக்கு வந்தவன், அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு வீடு வரை பேசாமல் நடந்தான். வாசலில் நின்றுகொண்டு கேட்டான்.

"அத்தான், அந்த மேடத்துகிட்டக் கேட்டுப் பாக்கியளா?"

"வேண்டாம்லே. நாலு பேரு வந்து போயாச்சு."

"நாலு பேரு ஓடுனா அது அவங்க குத்தமா?" என் மனைவி உள்ளேயிருந்து சொன்னாள். "கோழப் பயலுவ. என் தம்பி அப்படியா? இனி எத்தன வருசம் அவன் ஓட்டல்ல திம்பான்? நீங்க பக்கத்துலயே உக்காந்திருக்கிய, ஒரு வார்த்த கேட்டா வாய் வலிக்குமா?"

புகைப்படத்தைக் கொண்டுபோனேன். "வச்சுட்டுப் போங்க" என்றார். ஒன்பதாம் நாள், வரச் சொல்லுங்கள் என்றார். அவன் இரண்டு முறை போய்ப் பார்த்தான். திரும்பி வந்து அவர் வைத்த காப்பியைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசினான். அவன் அப்படிச் சிரித்து ஐந்து வருடமாகியிருந்தது. முதல் ஓலை வாசித்த அன்று என் மனைவி கோயிலிலேயே அழுதுவிட்டாள்.

எனக்குத் தூக்கம் போயிற்று. இந்தச் சம்பந்தமும் உடைந்தால் அவன் தாங்க மாட்டான். எல்லாத் தேதியையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். நான்கு சம்பந்தமும் உடைந்தது இரண்டாம் ஓலைக்கும் மூன்றாம் ஓலைக்கும் நடுவிலுள்ள வாரத்தில். அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. ஆபத்து அந்த ஏழு நாளில் இருக்கிறது. அந்த ஏழு நாள் இல்லாவிட்டால்? எங்கள் கோயிலில் அதற்கு வழி உண்டு. அவசரமென்றால் இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை சேர்த்து வாசிப்பார்கள். குருவானவரிடம் போனேன்.

"ரெண்டு பேருக்கும் நாப்பது தாண்டியாச்சு. இப்ப என்ன திடீர்னு அவசரம்?" என்று சிரித்தார்.

மண்டபம் அந்த வாரம்தான் கிடைக்கிறது என்று பொய் சொன்னேன். பெண் வீட்டுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்று இரண்டாவது பொய்யையும் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குருவானவர், "இரண்டாம் முறையாகவும் மூன்றாம் முறையாகவும்" என்று வாசித்தார். பெண்கள் பக்கம் நான்காவது பெஞ்சில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். மெதுவாகத் திரும்பி, இத்தனை பேருக்கு நடுவில் நேராக என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் சிரிப்பு இல்லாமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆட்சேபணை உண்டா என்று கேட்டார்கள். அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

புதன்கிழமை கல்யாணம் நடந்தது. சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். கணக்கு சரியாக வந்துவிட்டது என்று அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

மச்சினன் கல்லூரிக்குப் பின்னாலிருந்த அவர் வீட்டுக்குக் குடிபோனான். அங்கிருந்தே கடைக்குப் போய் வந்தான். அவன் கொண்டுபோன சாமான் ஒன்பது. வண்டியில் ஏற்றியது நான். டிரங்குப் பெட்டி, ரேடியோ, சாய்வு நாற்காலி, சுவர்க் கடிகாரம், இப்படி. கடிகாரத்துக்கு முன்னறையில் நானே ஆணி அடித்துக் கொடுத்தேன். "ராணி மாரி இருக்காங்க, என்னைய ராசா மாரி வச்சிருக்காங்க" என்று முதல் மாதம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

இரண்டாம் மாதம் ரேடியோவோடு எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"இங்கன இருக்கட்டும்க்கா. அங்கன கரகரங்குது."

பிறகு நாற்காலி. "கால் ஆடுது." பிறகு பெட்டி. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒவ்வொன்றையும் அவனே தூக்கிக்கொண்டு வந்தான். சண்டையா என்று என் மனைவி கேட்டாள். "சண்டையா? ஒரு வார்த்த அதட்டிப் பேச மாட்டாங்க" என்றான். ஏழாம் மாதம் கடைசியாகக் கடிகாரம் வந்தது. அன்றிரவு அவன் எங்கள் பின்னறையில் படுத்தான். மறுநாளும் படுத்தான். ஒன்பதும் வந்தாயிற்று. பத்தாவதாக அவன்.

என் மனைவி அழுதுகொண்டு என்னை அனுப்பினாள். அந்த அம்மா கடைக்குப் போயிருந்தார். வேலைக்காரப் பெண் என்னை முன்னறையில் உட்கார வைத்தாள். சுவரைப் பார்த்தேன். ஆணி இல்லை. சரி, பிடுங்கியிருப்பார்கள். ஆணி இருந்த ஓட்டையும் இல்லை. எழுந்து போய்க் கையால் தடவினேன். புதிதாகச் சுண்ணாம்பு அடிக்கவும் இல்லை. பழைய சுவர், பழைய கறை, வழவழவென்று இருந்தது. வெளியே வந்தபோது அடுத்த வீட்டு அம்மா, கல்யாணப் பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர், கேட்டார். "என்ன அண்ணாச்சி, மேடத்துக்கு மாப்பிள்ள ஏதும் கொண்டு வந்திருக்கியளா?"

நேரே கோயிலுக்குப் போய்ப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். பதிவு இருந்தது. என் கையெழுத்தும் இருந்தது. அதனால்தான் இதை எழுத முடிகிறது.

மச்சினனை ஆஸ்பத்திரியில் காட்டினோம். உடம்பில் ஒன்றும் இல்லை என்றார்கள். கடையைத் திறக்க மறந்தான். பேச்சு குறைந்தது. ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டு, "அத்தான், காய்ச்சல்ல செத்தாளே, அவ பேரு என்ன?" என்று கேட்டான். சொன்னேன். தலையாட்டினான். அந்தப் பெயர் அவனுக்கு எதையும் கொண்டுவரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அன்று ஆய்வகத்தில் ஜாடிகளைத் துடைப்பதை நிறுத்திவிட்டு அவர் மேசை முன்னால் போய் நின்றேன்.

"மேடம், அவன் என்ன தப்புச் செஞ்சான்?"

"ஒரு தப்பும் செய்யல. நல்ல மனுசர்."

"பெறவு ஏன் இப்படி?"

லென்ஸைத் தள்ளி வைத்தார். பிறகு, கணக்குச் சொல்லிக் கொடுப்பது போலப் பைய சொன்னார்.

"வேண்டாம்னு சொல்ல எனக்கு வராது அண்ணாச்சி. சின்னப் பிள்ளைலருந்தே வராது. எனக்கு நேரம் வேணும். நேரம் இருந்தா வேண்டாதது தன்னால போயிரும், யாருக்கும் நோவாது. அந்த நாலு பேரும் நல்லாத்தான இருக்காங்க? முழுசாப் போனாங்க. அதுக்கு ஒரு ஞாயித்துக்கிழம வேணும். உங்க மச்சினருக்கும் அது இருந்துது." அவர் இமைக்கவில்லை. "அத நீங்கதான் எடுத்துட்டீங்க."

"எனக்கு எப்படி மேடம் தெரியும்?"

"எண்ணிப் பாத்துத்தான செஞ்சீங்க."

"இப்ப ஒண்ணும் செய்ய முடியாதா?"

"உள்ள வந்த பெறவு என் கையிலயும் இல்ல." அதைச் சொன்னபோது அவருக்கும் பயமாக இருந்தது என்று நினைக்கிறேன். அவர் குரல் அப்படி இருந்ததில்லை.

அடுத்த மாதம் அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். எந்த ஊர் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. கேட்டால், யார் என்று திருப்பிக் கேட்டார்கள். என் மனைவி அந்த அம்மாவைச் சபித்துக்கொண்டே இருந்து, ஒன்பது ஆண்டுக்கு முன்னால் கண்ணை மூடினாள். ஓலையைச் சேர்த்து வாசிக்கச் சொன்னது நான் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. மண்டபக்காரன் கெடுபிடி என்றே அவள் கடைசி வரை நினைத்திருந்தாள்.

மச்சினன் பின்னறையில்தான் இருக்கிறான். எழுபது தாண்டிவிட்டது. சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறான். அவனிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று இருபத்தேழு ஆண்டுகளாக நினைக்கிறேன். அவன் கோபப்பட்டு என் சட்டையைப் பிடித்தால்கூட எனக்கு நிம்மதிதான். பயம் அதற்கல்ல. நான் சொல்லி முடித்ததும் என்னை நிமிர்ந்து பார்த்து, எந்தக் கல்யாணம் அத்தான் என்று கேட்டுவிடுவானோ என்பதற்கு. இந்த நாற்காலியிலிருந்து அவன் கட்டிலுக்குப் பதினோரு அடி.